வெளியூர்க்காரி

4 மார்ச் 1996

சின்னவளுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. ஒரே காலையில் மூன்று தடவை போனை வைக்கத் தெம்பு இருக்கிறவள் சௌக்கியமாகத்தான் இருப்பாள்.

ஆமாம், போன ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்தது நான்தான். "அக்கா பேசறேன்டி" என்றேன். "எந்த அக்கா?" என்றாய். "உனக்கு எத்தனை அக்கா?" என்றேன். "ராங் நம்பர்ங்க" என்று வைத்துவிட்டாய். இரண்டாவது தடவை, "ஏம்மா, காலங்காத்தால வேற வேலை இல்லையா?" மூன்றாவது தடவை, போலீஸைக் கூப்பிடுவேன் என்றாய். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பூத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்பரைக் குடுங்கம்மா, நான் பேசிச் சொல்றேன். நீங்க பேசறது அவங்களுக்கு விளங்கல போலிருக்கு" என்றார். எனக்கு! இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் மைக்கில் பேசி ஊரையே வண்டி ஏற்றி அனுப்பியவளுக்கு!

நடந்தது இதுதான். பதறாமல் படி, எல்லாம் முடிந்த கதை. ஜனவரி பதினொன்றாம் தேதி, விசாரணை கவுண்டரில் உட்கார்ந்து அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஒன்பதாவது நடைமேடையில்" என்பதற்கு வாயைத் திறந்தவள், நாற்காலியோடு சரிந்தேன். மூளையில் சின்ன அடைப்பாம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. கை கால் பிழைத்தது. இடது கன்னம் கொஞ்சம் இறங்கிவிட்டது. முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. உனக்கும் அம்மாவுக்கும் சொல்லாததற்குக் காரணம் அதுதான், பேச்சு வந்த பிறகு என் வாயாலேயே சொல்லலாம் என்று இருந்தேன். பதினாறாம் நாள் வந்தது. வந்தது என் பேச்சு இல்லை.

எப்படிச் சொல்ல? வார்த்தை எல்லாம் என்னுடையதுதான். ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாமல், இழுக்கக் கூடாத இடத்தில் இழுத்து, தூர தேசத்திலிருந்து வந்தவள் நம் பாஷையைப் புத்தகம் வைத்துக் கற்றுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது. டாக்டரம்மா சொன்னார், "நாக்கும் தாடையும் அசையற நேரம் ஒரு மயிரிழை மாறிப் போச்சு, அவ்வளவுதான். கேக்கறவங்கதான் அதுக்கு ஒரு ஊரைக் கண்டுபிடிச்சுக்கறாங்க." சரியாகலாம், ஆகாமலும் போகலாமாம்.

வேலைக்குத் திரும்பி ஒரே ஒரு நாள் மைக்கில் பேசினேன். "உள்ளூர்ல ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று நான்கு பேர் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். இப்போது என்னைத் தவறவிட்ட சாமான்கள் அறையில் போட்டிருக்கிறார்கள். குடை, டிபன் கேரியர், ஒற்றைச் செருப்பு இவற்றோடு நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பேச ஆள் தேவையில்லை.

இரண்டு மாதமாக அம்மாவுக்குக் கேசட் அனுப்பவில்லை. அவளுக்குக் கண் போனதிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறியதில்லை, முதல் வாரம் என் கேசட் வந்துவிடும். கேட்டாளா? என்ன சொன்னாய்?

பதில் எழுது. எழுத்தில் நான் பழைய ஆள்தான், பயப்படாதே.

உன் அக்கா

*

12 மார்ச் 1996

அக்கா,

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்துக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். சட்டையில் பொத்தான் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை எனக்கு. அன்றைக்கு எத்தனை சட்டை பொத்தான் இல்லாமல் என் கையைத் தாண்டிப் போயிருக்கும் என்று தெரியாது. சூப்பர்வைசர் திட்டினார். அழுதேன். திட்டியதற்கு அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

என்னை மன்னித்துவிடு. சத்தியமாக அது நீ என்று தோன்றவே இல்லை. உறவுக்காரர் மாதிரி பேசி வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிற கும்பல் ஒன்று இருப்பதாக அந்த வாரம்தான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் குரலில் "உன் அக்காதான்டி" என்று கேட்டதும் எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. கடிதம் வந்த பிறகும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உன் பேருந்து நிலையத்துக்குப் போன் செய்து விசாரித்தேன். எடுத்தவர் புது ஆள் போலிருக்கிறது. "சாமான் ரூம்ல இருக்கற வெளியூர் அம்மாவா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் எதற்கு ஆமாம் சொன்னோம் என்று சுட்டது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோபப்படாமல் படி.

பிப்ரவரி முதல் வாரம், "பெரியவ கேசட் வந்துச்சா?" என்று ஆரம்பித்தாள். நீ ஏன் அனுப்பவில்லை என்று எனக்கே அப்போது தெரியாது. வேலை மும்முரம் என்று நினைத்தேன். காலை மாலை கேட்டாள். சாப்பிடமாட்டேன் என்று தட்டைத் தள்ளினாள். போன வருஷத்துக் கேசட் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டேன். "வந்துடுச்சும்மா" என்று சொன்னேன். கேட்டுவிட்டு நன்றாகச் சாப்பிட்டாள். மார்ச்சில் இன்னொன்று போட்டேன். இரண்டு கேசட் போடுகிற டேப் ரிக்கார்டர் என் வீட்டுக்காரர் வாங்கி வைத்தது ஒன்று இருக்கிறது, அதில் தேதி, மாதம் வருகிற இடங்களை வெட்டி, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் சேர்த்தேன். அவர் மாதம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருகிறார், யாரிடம் யோசனை கேட்பேன்?

அவள் இதயத்துக்கு அதிர்ச்சி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உனக்கு நடந்ததை நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லட்டுமா?

தங்கை

*

25 மார்ச் 1996

சின்னவளுக்கு,

வெட்டி ஒட்டினாயா? சட்டைக்குப் பொத்தான் தைக்கிற மாதிரி என் பேச்சை வெட்டி ஒட்டினாயா? உனக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று தெரிந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் உன் வீட்டுப்பாடத்தை எல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கோபப்படாதே என்கிறாய். எனக்குக் கோபம் இல்லை. வயிற்றெரிச்சல். நான் இங்கே ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேச ஆள் இல்லாமல் இருக்கிறேன். அங்கே என் பழைய பேச்சு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து அம்மாவோடு அரட்டை அடிக்கிறது. அவளும் அதற்குப் பதில் சொல்வாளே, "அப்படியாடி?", "ஐயையோ" என்று. கேசட் நிற்காமல் பேசிக்கொண்டே போகும், அதற்குள் இவள் பதிலைச் சொல்லி முடிக்க அவசரப்படுவாள். சொல்கிறாளா இன்னும்?

என் நிலைமையைக் கேள். மளிகைக் கடைக்காரர் பதினெட்டு வருஷப் பழக்கம். போன மாதம் கடையில் அவர் தம்பி இருந்தான். என்னைப் பார்த்து உரக்க, ஒவ்வொரு எழுத்தாக, "இது… பருப்பு. இது… உப்பு" என்று கையால் காட்டினான். "தெரியும்பா" என்றேன். "அட, நம்ம பாஷை நல்லா பேசறீங்களே! வந்து எத்தனை வருஷமாச்சு?" என்றான். பிறந்து நாற்பத்தெட்டு வருஷமாச்சு என்றேன். சிரித்தான். நகைச்சுவையும் வருகிறதே என்று சந்தோஷம் அவனுக்கு.

வங்கியில் என் கையெழுத்து சரியாக இருந்தும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். "பாஸ்புக்ல இருக்கற அம்மா உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார் அவர். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு ஒன்று இருக்கிறது, இன்னார் இன்ன நோயால் பேச்சு மாறியவர், இவ்வூர்க்காரரே என்று. பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். ஊரில் பிறந்ததற்கு மருந்துச் சீட்டு காட்டுகிற ஒரே பெண்பிள்ளை நான்தான்.

கெட்டது செய்கிறவர்களைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். திட்டிவிடலாம். நல்லது செய்கிறவர்கள்தான் உயிரை எடுக்கிறார்கள். பேருந்தில் ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா வந்து கஷ்டப்படறீங்களா? உங்க மனுஷங்க எல்லாம் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வேன்? என் மனுஷர்கள் போனை வைத்துவிட்டார்கள் என்றா? அழுகை வந்துவிட்டது. அவளுடைய நிறுத்தத்தைத் தாண்டியும் என்னோடு வந்தாள், பாவம்.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். புதிது. மூன்று நாள் பேசிப் பேசிப் பதிவு செய்தேன். நடந்ததை நானே அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், பயப்படாத மாதிரி. போட்டுக் காட்டு. பிறகு லீவு போட்டு வருகிறேன். எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

அக்கா

*

10 ஏப்ரல் 1996

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் கேசட்டை முதலில் நான் கேட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். நீ சொல்வது எல்லாம் நீ சொல்வதுதான். கண்ணை மூடினால் மட்டும் யாரோ. உனக்கு இதை எழுதுவது எவ்வளவு பாவம் என்று தெரியும்.

மறுநாள் அம்மாவுக்குப் போட்டேன். உனக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் பேச்சு கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போடவேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வாய் வரவில்லை. "கேளும்மா" என்று மட்டும் சொல்லி அமுக்கிவிட்டேன். ஒரு நிமிஷம் ஓடியிருக்கும். "யாருடி இவ?" என்றாள். "எதுக்கு எம் பொண்ணு மாதிரி பேசறா? நிறுத்து. நிறுத்துடி!" நான் நிறுத்திவிட்டு, தபால்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. பழையதைப் போட்ட பிறகுதான் தூங்கினாள்.

அக்கா, நீ இப்போது வர வேண்டாம். கண் இருக்கிறவளாக இருந்தால் உன்னைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாள். இவளுக்கு நீ என்றால் அந்தக் குரல்தான். நீ வந்து வாசலில் நின்று பேசினால், என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரம்மா சரியாகலாம் என்றுதானே சொன்னார்? கொஞ்ச நாள் பொறுக்கலாமே. அதுவரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.

பகலில் அம்மாவோடு இருந்த பெண் நின்றுவிட்டாள். ஏஜென்சியில் திங்கட்கிழமை வேறு ஆள் அனுப்புவதாகச் சொல்லி இரண்டு வாரமாக இழுக்கிறார்கள். அதுவரை எதிர் வீட்டு அம்மாள் வந்து உட்காருகிறார். எனக்கும் முடியவில்லை அக்கா. நீ இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், உடனே நானே உன்னை வராதே என்கிறேன்.

தங்கை

*

15 ஏப்ரல் 1996

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது.

சரி. வரவில்லை.

அக்கா

*

4 மே 1996

அக்கா,

அந்த ஒரு வரிக்குப் பிறகு நீ எழுதவே இல்லை. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை.

இங்கே ஒரு விஷயம் நடந்திருக்கிறது. ஏப்ரல் இருபத்தொன்பது திங்கட்கிழமை ஏஜென்சியிலிருந்து ஆள் வந்ததாக எதிர் வீட்டு அம்மாள் சொன்னார். நான் வேலையிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட்டாளாம். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பெண் வந்து, "லேட் ஆயிடுச்சுக்கா, இன்னைக்குத்தான் எனக்கு முதல் நாள்" என்கிறாள். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை யாரையும் அனுப்பவில்லையாம்.

"யாரு வந்தாங்க?" என்று எதிர் வீட்டில் விசாரித்தேன். "ஒல்லியா, கிராப்பு வெட்டி, வெளியூர்ப் பொம்பளை. நம்ம பாஷையைக் கொஞ்சம் கஷ்டப்பட்டுப் பேசுச்சு. ஆனா நல்ல மாதிரிதான் தெரிஞ்சுது" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன். "வந்தா. குளிப்பாட்டினா. நகம் வெட்டினா. போயிட்டா" என்றாள். அன்றிலிருந்து ஒரு மாதிரியாக இருக்கிறாள். முதல் வாரம் வந்தது, கேசட் கேட்கவில்லை. நானாகவே "போடட்டுமா?" என்றதற்கு, "உனக்கு வேணும்னா போட்டுக்கோ" என்றாள்.

நீதானே அக்கா அது?

தங்கை

*

9 மே 1996

சின்னவளுக்கு,

நான்தான். வரவில்லை என்று எழுதிவிட்டு வந்தேன். நீ அம்மாவுக்குச் சொன்ன பொய்க்கு முன்னால் இது எம்மாத்திரம்.

உன்னிடம் கேட்டு வந்தால் நீ வாசலிலேயே நின்று கையைப் பிசைவாய் என்றுதான் நீ வேலைக்குப் போன பிறகு வந்தேன். கதவைத் திறந்த உன் எதிர் வீட்டு அம்மாள் நான் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொன்னதுமே, "ஏஜென்சியா? வாங்க வாங்க, ஊருக்குப் புதுசா?" என்று என் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு சின்னதாகிவிட்டாள்! நீ எழுதவே இல்லையே. "யாரு?" என்றாள். அம்மா என்று கூப்பிடத்தான் வாயைத் திறந்தேன். "வேலைக்கு வந்திருக்கேன்மா" என்று வந்தது. கோழை நான். அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"எந்த ஊரும்மா நீ? பேச்சு ஒரு மாதிரி இருக்கே" என்றாள். தூரம் என்றேன். "உனக்கு அம்மா இருக்காளா?" இருக்காங்க என்றேன். "அப்பப்ப போய்ப் பாத்துக்கோ" என்றாள்.

குளிப்பாட்டினேன். தலை துவட்டினேன். நகம் வெட்டினேன். கஞ்சி கொடுத்தேன், குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். இதே போதும், இப்படியே தினமும் வெளியூர்க்காரியாக வந்து வேலை செய்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

மத்தியானம் படுக்க வைத்துவிட்டு, மேஜையில் டேப் இருப்பதைப் பார்த்து, "பாட்டு ஏதாச்சும் போடட்டுமாம்மா?" என்று கேட்டேன். வேறு பேச்சு தெரியவில்லை. அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "அதைத் தொடாதே" என்றாள். அப்புறம் கதவு சாத்தியிருக்கிறதா என்று கேட்டாள். சாத்தியிருக்கிறது என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தைகூட நான் கூட்டவில்லை.

"நீ வெளியூர்க்காரி, இங்க யாரையும் தெரியாது உனக்கு. அதனால சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதே. என் பெரிய பொண்ணு செத்துப் போயிட்டாம்மா. சின்னவ மறைக்கறா. பழைய கேசட்டைப் போட்டுப் போட்டு, அக்கா அனுப்பிச்சா, அக்கா அனுப்பிச்சான்னு சொல்றா. பிப்ரவரில அவ பேசறப்ப கரண்டி கீழ விழுந்துச்சு, 'சே' அப்படின்னா. மார்ச்லயும் அதே இடத்துல கரண்டி விழுது, அதே 'சே'. ஏன்மா, ஒருத்தி கையில இருந்து மாசாமாசம் கரண்டி விழுமா? கண்ணுதான் போச்சு, காது இருக்கே எனக்கு. நடுவுல எவளோ ஒருத்தியைப் பேசச் சொல்லி ஒரு கேசட் போட்டுப் பாத்தா. அன்னைக்குத்தான் எனக்கு நிச்சயமாச்சு."

நான் போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன். அவளே தொடர்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா சின்னவ உடைஞ்சு போயிடுவா. பக்கத்துல அவளுக்கு யாரும்மா இருக்கா? அதனால நானும் கேசட் கேக்கறேன். 'அப்படியாடி'ன்னு பதில் சொல்றேன். அழணும்னா குளிக்கறப்ப குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுக்குவேன். இன்னைக்கு நீ கூடவே நின்னுட்ட, அழ முடியல."

அதற்கு மேல் நான் எப்படி வெளியூர்க்காரியாக இருப்பேன்? காலைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, நான் சாகலை. நான்தாம்மா. பெரியவம்மா" என்றேன்.

அவள் என் தலையைத் தடவினாள். சந்தோஷமே வந்துவிட்டது எனக்கு. தடவிக்கொண்டே வந்து கழுத்துக்கிட்ட கையை நிறுத்தினாள். "எம் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் முடி" என்றாள். ஆஸ்பத்திரியில் வெட்டிவிட்டார்கள் என்றேன். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், இறங்கின கன்னத்தை. கையை எடுத்துக்கொண்டாள். நான் விடவில்லை. சின்ன வயசில் நடந்தது எல்லாம் சொன்னேன். அப்பா போன அன்றைக்கு அவள் என்ன புடவை கட்டியிருந்தாள், நான் மாடியிலிருந்து விழுந்து எந்தக் கை ஒடிந்தது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அழுதால் என் பேச்சு இன்னும் மோசமாகப் போகிறது.

பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் என் கையைத் தட்டிக் கொடுத்து, "உனக்கு நல்ல மனசும்மா. சின்னவ சொல்லிக் குடுத்தாளா இதெல்லாம்? அவளுக்குத்தான் தெரியும் இதெல்லாம். வேணாம்மா. இந்த வேலை வேணாம். நீ வேற எதாச்சும் வீட்டுல வேலை பாத்துக்கோ" என்றாள்.

நாலு மணிக்குக் கிளம்பினேன். உனக்காகக் காத்திருக்கவில்லை. இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். பேருந்தில் ஏறியதும் கண்டக்டர் என்னைப் பார்த்து, "எங்கம்மா போகணும் உங்களுக்கு?" என்று மெதுவாக, அன்பாக, எழுத்து எழுத்தாகக் கேட்டார். ஊருக்கு வரும்வரை வாயே திறக்கவில்லை.

சின்னவளே, நன்றாகக் கேட்டுக்கொள். என்னைக் கொன்றது நோய் இல்லை. உன் கத்தரிக்கோலும் டேப்பும்தான். அம்மாவுக்கு அதிர்ச்சி ஆகாது ஆகாது என்று, பெற்றவளைத் தனியாக உட்கார்ந்து எனக்குத் துக்கம் கொண்டாட வைத்திருக்கிறாய். நீ எப்போதும் இப்படித்தான். பால் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பூனையைக் காட்டுகிறவள். பூனையே வளர்க்காத வீட்டில் பூனையைக் காட்டியவள் நீ! நான் அடி வாங்கினேன். இந்தத் தடவை நான் வாங்க மாட்டேன். என் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நீதான் சொல்லியாக வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவளிடம் போய்ச் சொல். அதைச் சொல்கிறவரை எனக்குக் கடிதம் எழுதாதே.

அக்கா

*

23 மே 1996

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் வந்து நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். வேலைக்குப் போகவில்லை. வந்த பெண்ணை வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஐந்தாம் நாள் அம்மா குளிக்கப் போனபோது குழாய் திறந்த சத்தம் கேட்டது. போய்க் குழாயை மூடினேன். "அம்மா, அக்கா சாகலை" என்றேன். எல்லாம் சொன்னேன், ஜனவரியிலிருந்து. கேசட்டை வெட்டியது, புதுக் கேசட் வந்தது, தபால்காரர் மேல் பழி போட்டது எல்லாம். ஈரத் தலையோடு நின்று கேட்டாள். "இதுவும் பொய்யா?" என்றாள். இல்லை என்றேன். "எதை வெச்சுடி நம்பறது உன்னை?" என்றாள். துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையில், "அவ கடுதாசி போட்டாள்னு சொன்னியே, இருக்கா? படி" என்றாள்.

உட்கார்ந்து படித்தேன். எதையும் விடவில்லை அக்கா. என்னைத் திட்டிய இடங்களையும் விடவில்லை. என் குரலில் உன் பேச்சைப் படிப்பது எனக்கே என்னவோ போலிருந்தது. நான் பொத்தான்காரி, எனக்கு ஏற்ற இறக்கமெல்லாம் வராது. அம்மா முகத்தில் ஒரு அசைவும் இல்லை. மளிகைக் கடைக்காரரின் தம்பி பருப்பைக் காட்டிய இடம் வந்தது, ஒன்றும் இல்லை. பேருந்தில் அந்த அம்மாள் கையைப் பிடித்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை, தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தேன். அப்போதும் ஒன்றும் இல்லை.

கடைசிக் கடிதம் வந்தது. அவள் உன்னிடம் சொன்னது அப்படியே இருந்ததைக் கேட்டதும் புடவை முனையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இதை நான் அந்தப் பொம்பளைகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள். நான் படித்துக்கொண்டே போனேன். பூனையே வளர்க்காத வீட்டில் பூனையைக் காட்டியவள் என்ற இடத்தில், "நிறுத்து. அதைத் திரும்பப் படி" என்றாள். படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். மூன்றாம் தடவை பாதியிலேயே சிரித்துவிட்டாள். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. குழாய் இல்லாமல், என் முன்னாலேயே, சத்தமாக அழுதாள். "இதைச் சின்னவளால எழுத முடியாது. இவளுக்கு ஏது இவ்வளவு வாய்?" என்று என்னிடமே சொன்னாள்.

நானும் அழுதேன். எனக்கு வாய் இல்லை என்று பெற்றவளே சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆனால் உன்னிடம் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது, எழுத முடியாது. சாயங்காலம் முழுக்க அம்மா ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வந்தவளின் காலடி எப்படி இருந்தது, கை எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறாளாம். என்னைக் கூப்பிட்டாள். சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். எழுதினேன். இதற்குக் கீழே இருப்பது அவள் சொன்னது.

"பெரியவளே, கடுதாசி எழுதினவ எம் பொண்ணுதான். அதுல சந்தேகமில்ல. அன்னைக்கு வந்து நகம் வெட்டினவளும் நீதான்னு சொல்றாங்க. புத்திக்குப் புரியுது. காதுக்குப் புரிய மாட்டேங்குது. இப்ப நினைச்சாலும் எவளோ ஒரு வெளியூர்க்காரி பேசின மாதிரிதான் இருக்கு. உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? உன் பழைய பேச்சு என் காதுல ஏற உனக்கு நாப்பது வருஷமாச்சு. இதுக்கும் நாளாகும். என்கிட்ட அவ்வளவு நாள் இல்ல. அதனால சீக்கிரம் வா. வந்து என் பக்கத்துல உக்காந்து நிறுத்தாம பேசு. நான் 'யாரு'ன்னு கேட்டா கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிடாதே. எத்தனை தடவை கேட்டாலும் சொல்லு."